அடியந்திர சகாயம்

எனக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுபோல வரும் என்று ஆபீசில் ஒரு பெயர். அந்தப் பெயரைக் கிளப்பி விட்டதே நான்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்த எங்கள் வலியசாலைக்காரர்கள் எல்லோருக்கும் அது வரும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள், நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் அந்தப் பலகையை எழுதுகிற வேலை என் தலையில் வந்து விழுந்தது.

பர்மா அரிசி நின்று போன மறுவருஷம் அது. கொல்லம் வருஷம் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, கர்க்கடக மாதம். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை வந்து இறங்கி வாரக்கணக்காகிவிட்டது. ரேஷன் அரிசி மூன்று நாளைக்கே காணாது. மரச்சீனிக் கிழங்குக்கு அடிதடி. பப்பாளிக் காயையும் சேம்பந்தண்டையும் அவித்துத் தின்று ஜனங்கள் வயிற்றை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வார்டுக்கு ஒன்றாகச் சகாய ஆபீஸ் திறந்தார்கள். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில், காலியாகக் கிடந்த ஒரு அரிசிக் கிட்டங்கியில் எங்கள் ஆபீஸ். நான் அதில் கிளார்க், பெயர் நாகேஸ்வரன்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடு என்று இப்போதும் சொல்வேன். வேறு எந்தச் சகாயத்துக்கும் தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுத்து, விசாரணை நடந்து, உத்தரவு வரப் பதினைந்து நாள் ஆகும். எங்கள் ஆபீசில் அந்த இழுபறி கிடையாது. வீட்டில் ஒரு ஆள் பட்டினியால் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று யாராவது வந்து சொன்னால் போதும். பெயரைக் கேட்டு மஞ்சள் டிக்கெட் எழுதுவோம், சூப்பரண்டு கையெழுத்துப் போடுவார், பக்கத்துக் கொட்டகையில் அப்போதே தூக்குப் பாத்திரம் நிறையக் கஞ்சி ஊற்றிவிடுவார்கள். இப்படி இருபது நாளைக்கு, தினம் இரண்டு வேளை. இதற்கு மலையாளத்தில் 'அடியந்தர சகாயம்' என்று பெயர். அடியந்தரம் என்றால் அவர்களுக்கு அவசரம்.

வார்டில் பாதிப் பேர் தமிழர்கள், நாஞ்சில் நாட்டிலிருந்து சாலையில் மூட்டை தூக்க வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழில் ஒரு பலகையும் தனி ஜன்னலும் வேண்டும் என்று சூப்பரண்டு பரமேஸ்வரன் பிள்ளையிடம் போய்ச் சொன்னதும் நான்தான். "நீ தன்னே எழுதிக்கோ" என்றார். எழுதினேன். 'அவசர உதவி' என்று எழுதியிருக்கலாம். எட்டு வயசுக் குழந்தை அப்படித்தான் எழுதும். எனக்கு அதில் சர்க்கார் கம்பீரம் போதவில்லை. மலையாளப் பலகையைப் பார்த்தேன். அந்தச் சொல்லே தமிழிலும் இருக்கிறதே என்று ஒரே சந்தோஷம். 'அடியந்தர' என்பதில் தகரத்துக்கு மேல் ஒரு வளைவு போட்டால் 'அடியந்திர'. நம்மவர்கள் காதுக்குப் பழகின சொல்.

பழகின சொல்தான், என்ன அர்த்தத்தில் பழகின சொல் என்பதுதான் கேள்வி. எங்கள் அக்ரஹாரத்தில் கல்யாணமோ சிராத்தமோ எது நடந்தாலும் அடியந்திரம் என்போம். நாஞ்சில் நாட்டு ஜனங்களுக்கோ வெறுமே அடியந்திரம் என்றால் அது செத்தவருக்குப் பதினாறாம் நாள் செய்கிற காரியம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆபீசுக்குள் காலை வைத்ததும் தெரியாமல் போய்விடும். பன்னிரண்டு வருஷமாக ஃபைல்களின் மேல் சிவப்பு மையில் 'அடியந்தரம்', 'அடியந்தரம்' என்று எழுதி எழுதி, அதற்கு வேறு அர்த்தம் இருப்பதே மறந்துபோன ஜன்மம் நான்.

பலகையில் எழுத்துப் போட வந்தவர் சுவாமிதாஸ், குழித்துறைப் பக்கத்துக்காரர். என் கடுதாசியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சாமி, இந்த வளைவு வேணுமா?"

"வேணும்."

"இல்லே, எங்க பக்கத்துலே இப்படி எழுதிப் போட்டா..."

"ஓய், நீர் பெயின்ட்டை அடியும். பாஷையை நான் பாத்துக்கறேன்."

அவர் மறுபடி பிரஷ்ஷைத் தோய்த்தார். வளைவை மட்டும் கொஞ்சம் மெலிசாகப் போட்டார். 'அடியந்திர சகாயம் இங்கே கொடுக்கப்படும்' என்று பலகை பாலத்தைப் பார்த்துக்கொண்டு ஏறியது. நான் ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று ஒரு தடவை ரசித்துவிட்டு வந்தேன்.

மலையாள ஜன்னலில் முதல் நாளே வரிசை பாலம் வரைக்கும் போயிற்று. என் ஜன்னலில் ஈ, காக்காய் இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்று வாரம் போயிற்று. மூட்டை தூக்குகிறவர்கள் எலும்பும் தோலுமாக என் ஜன்னலைக் கடந்து போவார்கள், பலகையை ஒரு பார்வை பார்ப்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். என்ன திமிர் பார் என்று எனக்குக் கோபம் வந்தது. சூப்பரண்டு என் வெற்று ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார்.

"நாகேஸ்வரா, நின்றெ தமிழன்மார்க்கு விசப்பில்லே?" என்றார். விசப்பு என்றால் பசி.

எனக்கு மானம் போயிற்று.

"சனியாழ்ச்ச வரெ நோக்காம். ஆளில்லெங்கில் இந்த ஜன்னல் அடைக்காம்" என்று சனிக்கிழமை வரைக்கும் கெடு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் அப்படிச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் முத்தாரம்மாள் வந்தாள். இந்தப் பெயரும் எனக்குப் பிறகு தெரிந்ததுதான். அன்று நான் கேட்கவில்லை.

அதற்கு முன் மூன்று நாளாகவே அவளைப் பார்த்திருந்தேன். எதிரே வெற்றிலைக் கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கினவள் மாதிரி நிற்பாள். முப்பது வயசிருக்கும். இடுப்பில் ஒரு காலித் தூக்குப் பாத்திரம். வெற்றிலைக் கடைக்காரரிடம் பலகையைக் காட்டி என்னவோ கேட்பாள், அவர் சொல்வார், இவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், போய்விடுவாள். மறுநாள் மறுபடி வருவாள். அன்றைக்குத்தான் ரோட்டைக் கடந்து என் ஜன்னலுக்கு வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சொல்ல வந்தது என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன். புருஷன் குற்றாலலிங்கம், சாலையிலேயே இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குகிற ஆள். மூட்டை வரவில்லை, வேலை போயிற்று. கிடைத்த கிழங்கைப் பெண்டாட்டிக்குத் தள்ளிவிட்டுத் தான் தண்ணீரைக் குடித்தே நாளை ஓட்டி, கடைசியில் கால் இரண்டும் வீங்கிப் படுத்துவிட்டான். வைத்தியர் வந்து நாடி பார்த்துவிட்டு, நோய் என்று ஒன்றும் இல்லை, நாலு நாள் வேளாவேளைக்குக் கஞ்சி உள்ளே போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவான், போகாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். என் பக்கத்துக் கொட்டகையில் அந்தக் கஞ்சிதான் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் வாசனை ஜன்னல் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

"சாமி, இது அடியந்திரத்துக்குக் குடுக்கிற எடந்தானா?"

"ஆமாம். வேகம் சொல்லு."

"அதுக்கு மட்டுந்தானா சாமி? வேற ஒண்ணுக்கும் குடுக்க மாட்டியளா?"

"வேற எதானாலும் தாலுக்கா ஆபீசுக்குப் போணும். இங்கே அடியந்திரத்துக்கு மாத்திரமாக்கும்."

அவள் தூக்குப் பாத்திரத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரவிய கெடக்காவ சாமி" என்றாள்.

டிக்கெட்டுக்கு முன்னால் நிரப்புகிற ஃபாரத்தில் முதல் கேள்வியே, விஷயம் அடியந்தரமா, ஆம் அல்லது இல்லை என்பதுதான். அதை நிரப்பாமல் இரண்டாவது கேள்விக்குப் போகக் கூடாது. நான் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டேன்.

"கெடக்கறார்னா? அடியந்திரம் உண்டா, இல்லியா? அதைச் சொல்லு முன்னாடி."

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ சாமி! அப்படிச் சொல்லாதிய. நல்ல வாயால அதைச் சொல்லாதிய. அதெல்லாம் ஒண்ணும் இல்லே. அவிய நல்லா இருக்காவ. எழும்பிடுவாவ."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காவ சாமி. இன்னா, நாளைக்கே எழும்பிடுவாவ."

"பின்னே எதுக்கு இங்கே வந்து நிக்கறே? நல்லா இருக்கறவாளுக்கெல்லாம் குடுக்கற எடமில்லை இது. அடியந்திரம் ஆகும்போ வா."

அவள் முகம் செத்துவிட்டது. ஆனாலும் கையைக் கூப்பினாள். "அப்படி ஒண்ணு வராம இருக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் பாலத்துக்குக் கீழே போனாள். நான் ஃபாரத்தில் 'இல்லை' என்று எழுதினேன். முதல் கேள்விக்கு இல்லை என்றால் பெயர் கேட்க வேண்டியதில்லை என்பது விதி. சரியாக விதிப்படி நடந்ததில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

செவ்வாயும் புதனும் யாரும் வரவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணி சுமாருக்கு ஒரு மனிதர் வந்தார். தலை புதிதாக மொட்டையடித்திருந்தது. மழைத் தண்ணீர் தலையில் வழிவதைத் துடைக்கக்கூட இல்லை. வந்தவர் தயங்கவே இல்லை, நேராகக் கேட்டார்.

"எங்க அப்பாவுக்கு நாளைக்குப் பதினாறு சாமி. எத்தனை படி அரிசி குடுப்பிய?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "இங்கே என்ன சிராத்தச் சாப்பாடா போடறோம்? இது உயிரோட இருக்கறவாளுக்கு!" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. பலகையை நிமிர்ந்து பார்த்தார். "பின்னே அடியந்திரம்னு எதுக்கு சாமி எழுதிப் போட்டிய?" என்றார். "எங்க லயத்து வீடுகள்லே எல்லாருக்கும் தெரியும், இங்க செத்தவங்களுக்குத்தான்னு. அப்பா கெடந்தப்போ நான் எதுக்கும் ஒண்ணு கேட்டுட்டு வாறேன்னேன். உசுரு இருக்கும்போ அந்தப் படியிலே கால் வைக்காதே மக்கா, கெட்ட சகுனம்னு வீட்டுலே தடுத்துட்டாவ."

நான் பலகையைப் பார்க்க வெளியே போக வேண்டியிருக்கவில்லை. எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அந்த மெலிசான வளைவும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் காதைப் பொத்திக்கொண்டது ஞாபகம் வந்தது, அவள் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும், நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும். ஆகும்போ வா. ஐயோ, நான் என்ன சொல்லி அனுப்பினேன் அந்தப் பெண்ணை! புருஷன் செத்த பிறகு வா என்று சொல்லியிருக்கிறேன். அவளும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மொட்டைத் தலைக்காரர் ஜன்னலிலேயே நின்றார். அவரை அப்படியே விட்டுவிட்டு டிக்கெட் புத்தகத்தோடு சூப்பரண்டு முன்னால் போய் நின்றேன். குளறிக் குளறி விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது.

"ஆட்டே. அந்த ஸ்திரீயுடே பேரெந்தா?"

"தெரியாது சார்."

"வீடு?"

"பாலத்துக்குக் கீழே. அவ்வளவுதான் தெரியும்."

"பேரும் வீடும் இல்லாதே ஞான் எங்கனே ஒப்பிடும்?"

அவர் சொன்னது நியாயம். பெயர் இல்லாத டிக்கெட்டில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. பெயரைக் கேட்காதவன் நான். திங்கட்கிழமையிலிருந்து வியாழக்கிழமை வரைக்கும் ஏழு வேளை. வைத்தியர் கேட்ட நாலு நாளில் மூன்றை நான் தின்றுவிட்டேன். நின்று யோசிக்க எனக்கு முடியவில்லை. அவர் மேஜையிலேயே குனிந்து டிக்கெட்டை எழுதினேன். பெயர்: நாகேஸ்வரன். வீடு: வலியசாலை. விஷயம் அடியந்தரமா: ஆம்.

சூப்பரண்டு அதைப் படித்தார். என் நெற்றியையும் சட்டையையும் பார்த்தார். அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவைதான் விதியை மீறியிருப்பார் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

"வேகம் செல்லு."

கொட்டகையில் கஞ்சி ஊற்றுகிறவர் ராஜையன். டிக்கெட்டைப் படித்துவிட்டு, "சாமிக்கா?" என்றார்.

"எனக்குத்தான். ஊத்தும்."

ஒன்றும் கேட்காமல் பெரிய தூக்குப் பாத்திரமாக எடுத்து விளிம்பு வரைக்கும் ஊற்றினார், மேலே ஒரு அகப்பை பயறும் போட்டார். குடையை மறந்துவிட்டேன். பாத்திரத்தின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கஞ்சி தளும்பி முழங்கை வரைக்கும் சுட்டது. சுடுகிறதே, இன்னும் சூடாகத்தானே இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அதையே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

பாலத்துக்குக் கீழே கிள்ளியாற்றங்கரையோடு ஓலைக் குடிசைகள், புரை என்பார்கள், வரிசையாக இருந்தன. ஆறு மண் நிறத்தில் வாசல்படி வரைக்கும் ஏறியிருந்தது. முதல் புரையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"மூட்டை தூக்கற ஒருத்தர், கிடப்பிலே இருக்காரே, அவர் வீடு எது?"

"எந்தக் கெடப்புக்காரன் சாமி?" என்றார். "இந்த வரிசையிலே எல்லாப் புரையிலேயும் ஒரு ஆளு கெடக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு வாசலிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பாயில் ஒரு ஆண், சாக்கில் ஒரு பெண், சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒருவர். ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. இத்தனை பேருக்கும் பசி இல்லை என்று மூன்று வாரமாக என் ரிஜிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தது. கஞ்சி வாசனைக்கு அவர்கள் தலை திரும்பியது. யாரும் கேட்கவில்லை. என் கையிலிருந்த பாத்திரத்தை மட்டும் கண்ணால் தொடர்ந்தார்கள். ஒரு புரை வாசலில் தவழ்கிற குழந்தை ஒன்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அதன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டுவிட்டு நடந்தேன். அதைச் செய்தவனும் நான்தான், மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெண்ணிடம் கொண்டு சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் பிறகு சரி செய்துவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

பெயர் தெரியாமல் எப்படிக் கேட்பது? "இடுப்பிலே தூக்குப் பாத்திரம் வெச்சிண்டிருப்பா, திங்கட்கிழமை சகாய ஆபீசுக்கு வந்தா" என்று கேட்டுக்கொண்டே போனேன். ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். செல்லபாய் என்று அவளைப் பிறர் கூப்பிடுவது கேட்டது. என் பாத்திரத்தைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது.

"குற்றாலலிங்கம் வீட்டுக்கா? கொண்டு வந்துட்டியளா? கடைசிப் புரை சாமி. வேகம் போங்க, அவ நேத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்லே."

கிடைத்துவிட்டது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேற்றில் வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்தேன், பாத்திரத்தை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டேன். மூடிக்குள் கையை வைத்துப் பார்த்தேன். கஞ்சி இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

கடைசிப் புரையின் வாசலில் ஈரச் சாம்பல் கொட்டிக் கிடந்தது. உள்ளே கட்டில் இல்லை, பாய் இல்லை. தரையை அப்போதுதான் சாணமிட்டு மெழுகியிருந்தார்கள். நடுவில் ஒரு சின்ன அகல், எண்ணெய் போதாமல் திரி கரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவள் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியளா சாமி" என்றாள். "நாந்தான் அங்க வரணும்னு இருந்தேன். எழும்பக் கால் ஓடல்லே. ஆகும்போ வான்னு சொன்னியளே. விடியக்காலம் ஆயிட்டு."

கூட மூட்டை தூக்கின ஆட்கள் காலையிலேயே அவனைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வேலை தேடிப் போய்விட்டார்களாம். நான் வாசலில் நின்றேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குற்றம் என்னுடையது, அந்தச் சொல் நீ நினைத்த சொல் இல்லை, நீ கேட்ட அன்றைக்கே உனக்கு இது கிடைத்திருக்க வேண்டும், உன் புருஷன் பிழைத்திருப்பான் என்று எல்லாவற்றையும் அவள் காலில் கொட்டிவிட வேண்டும் என்று இருந்தது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

அவள் என் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். மூடி ஓரமாகக் கஞ்சி வழிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சொந்தக்காரர்கள் யாராவது வெளியில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவர வேண்டும், அதைக் குடித்துத்தான் அந்த வீட்டார் பசியாற வேண்டும். அப்படிக் கொண்டுவர ஒருவரும் இல்லாத வீடு அனாதை வீடு. அது அவர்கள் வழக்கம். எனக்கும் தெரிந்ததுதான்.

"எங்க ஆளுக எல்லாம் தோவாளையிலே கெடக்காவ சாமி. சாவுத் தாக்கல் சொல்லக்கூட நாதியில்லே. இவியளுக்கு ஒரு கஞ்சி கொண்டு வர ஆளில்லாமப் போச்சேன்னுதான் காலையிலிருந்து அழுதுக்கிட்டிருந்தேன். சர்க்காரு மறக்கல்லே. போர்டுலே எழுதினபடியே செஞ்சிட்டியளே சாமி!"

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி என்னைக் கும்பிட்டாள். நான் தடுக்கவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும். அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு ஆறுதல், அதுவும் போய்விடும். பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் மூலையிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்துத் துடைத்தாள். கஞ்சியை அதில் ஊற்றி, பயறாகப் பார்த்து அள்ளிப் போட்டாள். அகலுக்குப் பக்கத்தில், அவன் படுத்திருந்த இடத்தில், தலைமாட்டுப் பக்கமாக வைத்தாள். "மொதல்லே அவிய குடிக்கட்டும்" என்றாள். கஞ்சியிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. அது நிற்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவள் பாத்திரத்தை வாயோடு வைத்துக் குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

நான் நனைந்துபோன டிக்கெட் புத்தகத்தை எடுத்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"முத்தாரம்மா" என்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள். அப்புறம் கேட்டாள்:

"இது கஞ்சிதானே சாமி. அடியந்திரம் பதினாறாம் நாளுல்லா. அன்னைக்கும் குடுப்பியளா?"

"குடுப்போம்" என்றேன்.